எச்.ஐ.வி. அடங்கிவிட்டது... உடம்பின் காவலர்கள் மட்டும் ஏன் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள்?

ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1998இல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அப்போது வயது 32. உடனே மருந்து தொடங்கினார். முதலில் நாளுக்கு ஒரு கைப்பிடி மாத்திரை. இப்போது ஒரே ஒரு மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. ரத்தத்தில் கிருமியின் அளவு, பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

இப்போது அவர் அறுபதை நெருங்குகிறார். மருந்தகத்துக்குப் போனால் மருத்துவர் கிருமியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ரத்தக் கொழுப்பு, எலும்பு, சிறுநீரகம், புற்றுநோய்ப் பரிசோதனை என்று பேச்சு வேறு பக்கம் போகிறது.

"கிருமிதான் அடங்கிடுச்சே, அப்புறம் ஏன் இதெல்லாம்?"

நியாயமான கேள்வி. பதிலின் ஒரு பகுதி, நம்மில் பலர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவகை ரத்த உயிரணுவில் இருக்கிறது. அதன் பெயர் இயற்கைக் கொல்லி உயிரணு. சுருக்கமாக, என்.கே. உயிரணு.

சுருக்கமாகச் சொன்னால்...

• என்.கே. உயிரணுக்கள் கிருமி தொற்றிய உயிரணுக்களையும் புற்றுநோய் உயிரணுக்களையும் அழிப்பவை.

• எச்.ஐ.வி. அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. மருந்து சாப்பிட்டால் பெருமளவு சரியாகிறது. ஆனால் முழுமையாக அல்ல.

• வயதாவதும் அவற்றைத் தளர்த்துகிறது. இரண்டும் சேரும்போது பாதிப்பு கூடலாம்.

• சீக்கிரம் சிகிச்சையைத் தொடங்குவது, புகைபிடிப்பதைக் கைவிடுவது, தடுப்பூசி, இதய நலம் - இவை உண்மையிலேயே உதவுகின்றன.

யார் இந்த இயற்கைக் கொல்லிகள்?

1970களின் நடுப்பகுதியில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். இதற்குமுன் புற்றுநோய் உயிரணுக்களைச் சந்தித்தே இராத எலிகளின் வெள்ளையணுக்கள், அவற்றைச் சில மணி நேரத்தில் கொன்றன. யாரும் பயிற்சி தரவில்லை. தடுப்பூசியும் போடவில்லை. அதனால்தான் "இயற்கைக் கொல்லி" என்று பெயர் வந்தது.

நம் ரத்தத்தில் உள்ள லிம்ஃபோசைட் எனும் வெள்ளையணுக்களில் சுமார் 5 முதல் 15 விழுக்காடு இவை. ஒவ்வொன்றின் ஆயுளும் சராசரியாக இரண்டு வாரம்தான். எலும்பு மஜ்ஜை புதிதாக உற்பத்தி செய்துகொண்டே இருக்கும்.

எதிரியைக் கண்டால் என்ன செய்யும்? ஒட்டிக்கொள்ளும். பெர்ஃபோரின் எனும் புரதத்தால் எதிரி உயிரணுவில் துளையிடும். அந்தத் துளை வழியாக கிரான்சைம் எனும் நொதிகளைச் செலுத்தும். அந்த உயிரணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். இதோடு, மற்ற நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்கு ரசாயனத் தூதும் அனுப்பும்.

என்.கே. உயிரணுக்களில் முக்கியமாக இரண்டு ரகம். அவற்றின் மேற்பரப்பில் சி.டி.56 எனும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். அந்தப் புரதம் நிறைய உள்ளவை இளையவை. தூது அனுப்புவதில் கெட்டிக்காரர்கள். குறைவாக உள்ளவை முதிர்ந்தவை, கொல்வதில் கெட்டிக்காரர்கள். ரத்தத்தில் சுமார் 90 விழுக்காடு இந்த இரண்டாவது ரகம்தான்.

இந்த விகிதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நண்பனையும் எதிரியையும் எப்படிப் பிரித்தறிகின்றன?

கூட்டுரிமை வீட்டின் வாசலில் நிற்கும் பாதுகாவலரை நினைத்துக்கொள்ளுங்கள். வருபவரிடம் "ஐ.சி. காட்டுங்க" என்பார். காட்டினால் உள்ளே விடுவார். ஐ.சி. இல்லையென்றால்தான் பிரச்சினை.

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் எச்.எல்.ஏ. எனும் புரதத்தை மேற்பரப்பில் வைத்திருக்கின்றன. அதுதான் அவற்றின் ஐ.சி. நோயெதிர்ப்பு அமைப்பின் இன்னொரு படையான டி உயிரணுக்கள், அந்த ஐ.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும். கிருமியின் துண்டு ஏதாவது அதில் தெரிந்தால் தாக்கும்.

இதனால் பல கிருமிகள் ஒரு தந்திரம் செய்கின்றன. ஐ.சி.யையே ஒளித்துவிடுகின்றன. படிக்க எதுவும் இல்லாவிட்டால் டி உயிரணு ஏமாந்துபோகும்.

என்.கே. உயிரணு ஏமாறாது. அது ஐ.சி.யைப் படிப்பதில்லை, இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். இல்லையென்றால் சந்தேகம். கூடவே ஆபத்துக்கான அறிகுறிகளும் தெரிந்தால் தாக்குதல். "தன்னடையாளம் காணாமல் போவது" என்ற இந்தக் கருத்தை 1980களில் முன்வைத்தவர் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா கழகத்தைச் சேர்ந்த கிளாஸ் காரெ.

இன்னொரு வழியும் உண்டு. ஆன்டிபாடி எனும் நோயெதிர்ப்புப் பொருள் ஓர் உயிரணுமேல் ஒட்டியிருந்தால், என்.கே. உயிரணு தன் சி.டி.16 எனும் கொக்கியால் அதைப் பிடித்து அந்த உயிரணுவைக் கொல்லும்.

எச்.ஐ.வி. என்ன தந்திரம் செய்கிறது?

எச்.ஐ.வி. முக்கியமாகத் தாக்குவது சி.டி.4 எனும் டி உயிரணுக்களை. என்.கே. உயிரணுக்கள் அதன் முதன்மை இலக்கு அல்ல. ஆனாலும் அவற்றுக்கும் பெரிய அடி விழுகிறது.

எச்.ஐ.வி.யிடம் நெஃப் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது செய்யும் வேலை நுட்பமானது. எச்.எல்.ஏ. ஐ.சி.க்களில் ஏ, பி எனும் ரகங்களை மறைக்கிறது. டி உயிரணுக்கள் பெரும்பாலும் படிப்பது அந்த இரண்டைத்தான். ஆனால் சி, ஈ எனும் ரகங்களைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. என்.கே. உயிரணுக்களைச் சமாதானப்படுத்த அவை போதும். ஒரே நேரத்தில் இரண்டு காவலர்களையும் ஏமாற்றும் கணக்கு அது.

சிகிச்சை இல்லாமல் கிருமி ஆண்டுக்கணக்கில் பெருகினால் இன்னொன்றும் நடக்கிறது. சி.டி.56 புரதமே இல்லாத ஒருவகை என்.கே. உயிரணுக்கள் ரத்தத்தில் அதிகமாகின்றன. ஆரோக்கியமானவர்களிடம் இவை மிகக் குறைவு. இவற்றால் சரியாகக் கொல்லவும் முடியாது. தூது அனுப்பவும் முடியாது. வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் காவலர்களைப் போல.

அதாவது, எண்ணிக்கையைப் பார்த்தால் காவலர்கள் இருக்கிறார்கள். காவல்தான் இல்லை.

மருந்து சாப்பிட்டால் எல்லாம் பழையபடி ஆகிடுமா?

பெருமளவுக்கு ஆகும். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் முதல் எச்.ஐ.வி. சம்பவம் பதிவானது 1985இல், மலேசியாவில் 1986இல். அப்போது சிகிச்சை என்று சொல்லும்படி எதுவுமில்லை. 1996இல் கனடாவின் வேன்கூவரில் நடந்த அனைத்துலக எய்ட்ஸ் மாநாட்டில், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையின் பலன் உலகுக்குத் தெரியவந்தது. மரண தண்டனையாக இருந்த நோய், நீண்டகால நோயாக மாறத் தொடங்கியது.

அந்தக் கூட்டுச் சிகிச்சையின் பெயர் ஏ.ஆர்.டி. அது கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. கிருமி குறையக் குறைய, வேலை செய்யாத அந்த என்.கே. உயிரணுக்களும் குறைகின்றன. நல்லவை திரும்பி வருகின்றன. கொல்லும் திறன் கூடுகிறது.

ஆனால் பல ஆண்டுகள் சிகிச்சை எடுத்தவர்களின் ரத்தத்தை ஆராய்ந்தபோதும், தொற்றே இல்லாதவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிகிறது. முதிர்ந்த, அடிக்கடி தூண்டப்பட்ட ரகங்கள் அதிகமாகவே இருக்கின்றன. சி.டி.57 எனும் முதிர்ச்சி அடையாளம் உள்ளவை கூடுதல். மெல்பர்னில் உள்ள பர்னட் ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர்கள், சமிக்ஞைக்குத் தேவையான ஒரு துணைப் புரதத்தை இழந்த என்.கே. உயிரணுக்கள், சிகிச்சைக்குப் பிறகும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நீடிப்பதைக் கண்டார்கள்.

போர் முடிந்துவிட்டது. படை முகாமுக்குத் திரும்பவில்லை. அப்படித்தான் இருக்கிறது நிலைமை.

ஏன் முழுமையாகத் திரும்புவதில்லை?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. நான்கு காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன.

1. குடல் சுவர்

சி.டி.4 உயிரணுக்கள் அதிகம் இருக்கும் இடம் ரத்தம் அல்ல, குடல். தொற்றிய முதல் சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. அங்கே பெரும் அழிவை ஏற்படுத்துகிறது. குடல் சுவர் கசியத் தொடங்குகிறது. குடலுக்குள் இருக்க வேண்டிய பாக்டீரியாத் துண்டுகள் ரத்தத்துக்குள் வருகின்றன. 2006இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மருந்து சாப்பிட்டாலும் அந்தச் சுவர் முழுமையாகச் சரியாவதில்லை. அதனால் உடம்பில் லேசான அழற்சி, அணையாத நெருப்புபோல் தொடர்ந்து கனன்றுகொண்டிருக்கிறது. என்.கே. உயிரணுக்களுக்கு ஓய்வு கிடைப்பதில்லை.

2. ஒளிந்திருக்கும் கிருமி

மருந்தால் கிருமி பெருகுவதைத் தடுக்க முடியும். ஆனால் சில உயிரணுக்களின் மரபணுவுக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்து அவ்வப்போது சிறு சலசலப்பு எழும்.

3. இன்னொரு விருந்தாளி: சி.எம்.வி.

சைட்டோமெகலோ கிருமி என்று ஒன்று உண்டு. சுருக்கமாக சி.எம்.வி. இந்த வட்டாரத்தில் பெரும்பாலான பெரியவர்களின் உடம்பில் அது சத்தமில்லாமல் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கிறது. அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவே உடம்பு என்.கே. உயிரணுக்களில் ஒரு தனிப் பிரிவை உருவாக்குகிறது. முன்பு சொன்ன முதிர்ந்த ரகங்களில் பல, இந்தப் பிரிவைச் சேர்ந்தவைதான்.

இது முழுக்கக் கெட்ட செய்தி இல்லை. இந்தப் பிரிவு, ஆன்டிபாடி ஒட்டிய எதிரியைத் தாக்குவதில் படு சுறுசுறுப்பு. ஆன்டிபாடி இல்லாத எதிரியிடம்தான் மந்தம்.

4. மருந்துகள்

1990களில் பயன்பட்ட ஸ்டாவுடின், சைடோவுடின் போன்ற மருந்துகள் உயிரணுக்களின் ஆற்றல் மையமான மைட்டோகாண்ட்ரியாவைப் பாதித்தன. அந்தக் காலத்தில் மருந்து சாப்பிட்டவர்கள் சிலரின் கன்னம் ஒட்டிப்போனது அதனால்தான். இன்றைய மருந்துகள் அவற்றைவிட மிகவும் பாதுகாப்பானவை. ஆனாலும் 25 ஆண்டுகளாகச் சிகிச்சையில் இருப்பவரின் உடம்பு, அந்தப் பழைய மருந்துகளின் தடத்தையும் சுமந்துகொண்டிருக்கலாம்.

"அப்போ மருந்தை நிறுத்திட்டா நல்லதுதானே?" என்று யாராவது கேட்டால், பதில் திட்டவட்டமாக 'இல்லை'. இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் 5,472 பேர் பங்கேற்றனர். மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களிடையே மரணமும் நோயும் அதிகம். இதய நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய்கூட அவர்களிடமே கூடுதல். மருந்தின் பக்கவிளைவைவிட கிருமியின் விளைவு பல மடங்கு மோசம் என்பது அப்போது நிரூபணமானது.

எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கும் வயதானால் இப்படித்தானா?

ஓரளவு ஆமாம். தாத்தா பாட்டிக்குச் சாதாரணச் சளிகூட நெஞ்சு வரை இறங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு என்.கே. உயிரணுக்களும் ஒரு காரணம்.

வயதாக ஆக அவற்றின் மொத்த எண்ணிக்கை குறைவதில்லை. சிலரிடம் கூடக்கூடச் செய்கிறது. மாறுவது கலவை. இளைய ரகம் குறைகிறது. முதிர்ந்த ரகம் கூடுகிறது. ஒவ்வோர் உயிரணுவின் கொல்லும் திறனும் குறைகிறது. பிரிட்டனின் பர்மிங்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் அதற்கு ஒரு காரணத்தைக் காட்டினார்கள்: மூத்தோரின் என்.கே. உயிரணுக்கள் எதிரியோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் பெர்ஃபோரினைப் போதிய அளவு வெளியிடுவதில்லை.

துப்பாக்கி கையில் இருக்கிறது. குண்டு வெளியே வரவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். உடம்பில் மூப்படைந்து, பிரியாமல் தேங்கி நிற்கும் உயிரணுக்களை அப்புறப்படுத்துவதும் என்.கே. உயிரணுக்களின் வேலை. அவை தளர்ந்தால் அந்தக் குப்பை சேரும். குப்பை சேர்ந்தால் அழற்சி கூடும். அழற்சி கூடினால் அவை மேலும் தளரும். சுற்றிச் சுற்றி அதே வட்டம்.

இரண்டும் சேர்ந்தால்?

மேலே சொன்ன இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதிர்ந்த ரகம் கூடுதல், இளைய ரகம் குறைவு, ஓயாத அழற்சி. எச்.ஐ.வி. செய்வதும் மூப்பு செய்வதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன.

அதனால்தான் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள்: எச்.ஐ.வி. உடம்பை வேகமாக வயதாக்குகிறதா? அல்லது வழக்கமான வேகத்தில் வயதாகும் உடம்பின்மீது கூடுதல் சுமையை ஏற்றுகிறதா?

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது, கடிகாரமே வேகமாக ஓடுவது. இரண்டாவது, கடிகாரம் சரியாக ஓடினாலும் சில நிமிடம் முன்னால் வைக்கப்பட்டிருப்பது. 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள், சிகிச்சையில் இருக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் மரபணுமீது காலப்போக்கில் விழும் ரசாயனக் குறிகளை அளந்தார்கள். அவர்களின் உயிரணுக்கள் உண்மையான வயதைவிடச் சராசரியாகச் சுமார் ஐந்து ஆண்டு முதிர்ந்தவைபோல் தெரிந்தன. தொற்று ஏற்பட்டு அதிக நாள் ஆகாதவர்களிடமும் நீண்டகாலமாக இருப்பவர்களிடமும் ஏறக்குறைய அதே ஐந்து ஆண்டுதான். அதாவது, கடிகாரம் முன்னால் நகர்த்தப்பட்டிருக்கிறது என்ற இரண்டாவது விளக்கத்துக்கு அது வலுச்சேர்க்கிறது.

நம் வட்டாரத்திலும் இது ஆராயப்படுகிறது. கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகம், எச்.ஐ.வி.யுடன் வயதாகும் மலேசியர்களைப் பற்றித் தனி ஆய்வுகளை நடத்தியிருக்கிறது.

நிஜ வாழ்க்கையில் இதனால் என்ன பாதிப்பு?

புற்றுநோய்

ஜப்பானின் சைத்தாமா வட்டாரத்தில் 3,625 பேரின் ரத்தத்தை எடுத்து, அதில் இயற்கையாகக் கொல்லும் திறன் எவ்வளவு என்று அளந்தார்கள். பிறகு 11 ஆண்டுகள் அவர்களைக் கண்காணித்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, அந்தத் திறன் குறைவாக இருந்தவர்களுக்குப் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். அவர்கள் எச்.ஐ.வி. நோயாளிகள் அல்லர், சாதாரண மக்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கிருமிகளால் வரும் புற்றுநோய்கள் மற்றவர்களைவிட அதிகம். எச்.பி.வி. கிருமியால் வரும் கருப்பைவாய், ஆசனவாய்ப் புற்றுநோய்கள், சிலவகை லிம்ஃபோமா ஆகியவை அவற்றில் சில. கிருமிகளைக் கண்காணிக்கும் காவல் தளர்ந்தால் இப்படி நடப்பதில் ஆச்சரியமில்லை. இதில் என்.கே. உயிரணுக்களுக்கு மட்டும் பொறுப்பில்லை. டி உயிரணுக்களின் இழப்பும் முக்கியக் காரணம்.

நீண்டகால நோய்கள்

அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே சுகாதார அமைப்பின் தரவுகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. 2014 முதல் 2016 வரையிலான காலத்தில், 21 வயதில் எச்.ஐ.வி.யுடன் இருப்பவர் சராசரியாக 77 வயது வரை வாழலாம் என்று அது கணித்தது. தொற்று இல்லாதவர் 86 வரை. இடைவெளி ஒன்பது ஆண்டு. 2000களின் தொடக்கத்தில் அது 20 ஆண்டுக்கும் மேல் இருந்தது. பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் நோய்கள், நீரிழிவு, புற்றுநோய் எதுவுமில்லாமல் வாழும் காலத்தைப் பார்த்தால் இடைவெளி 16 ஆண்டு. ஆயுள் நீண்டுவிட்டது; நோயில்லாத ஆயுள் அதே வேகத்தில் நீளவில்லை. மருத்துவர் ஏன் ரத்தக் கொழுப்பைப் பற்றிப் பேசுகிறார் என்பது இப்போது புரிகிறதா?

சீக்கிரம் தொடங்கினால் வித்தியாசம் இருக்கா?

இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் மனத்தில் நிற்கும் என்றால், இது நிற்கட்டும்.

முன்பெல்லாம் சி.டி.4 எண்ணிக்கை நன்றாகக் குறைந்த பிறகே மருந்து தொடங்குவார்கள். 2015இல் ஸ்டார்ட் எனும் ஆய்வின் முடிவு அதை மாற்றியது. 35 நாடுகளில் 4,685 பேர் அதில் பங்கேற்றனர். உடனே மருந்து தொடங்கியவர்களிடம் கடும் நோய் அல்லது மரணம் ஏற்படும் ஆபத்து 57 விழுக்காடு குறைந்தது. கிருமிகளோடு தொடர்புடைய புற்றுநோய்களின் ஆபத்து ஏறக்குறைய முக்கால்வாசி குறைந்தது. அதே ஆண்டு, எச்.ஐ.வி. உள்ள எல்லாருக்கும் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

காரணம் எளிது. கிருமி எவ்வளவு குறைந்த காலம் கட்டுப்பாடில்லாமல் இருக்கிறதோ, குடலுக்கும் நோயெதிர்ப்பு அமைப்புக்கும் அவ்வளவு குறைந்த சேதம். காவலர்கள் களைத்துப்போவதற்கு முன்பே போர் நிற்கிறது.

ஆனால் சிங்கப்பூரில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, நோய் முற்றிய கட்டத்தில்தான் அது தெரியவருகிறது. காரணம் மருந்துத் தட்டுப்பாடு அல்ல. 2020 செப்டம்பரிலிருந்து எச்.ஐ.வி. மருந்துகளுக்கு அரசாங்க மானியம் கிடைக்கிறது. மலேசியாவில் அரசாங்க மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்துகள் இலவசம்.

தடையாக இருப்பது பெரும்பாலும் பயமும் வெட்கமும்தான். "யாராவது பார்த்துட்டா?" "வீட்ல தெரிஞ்சா?" இந்தக் கேள்விகளுக்காகவே இரண்டு நாடுகளிலும் பெயர் சொல்லாமல் பரிசோதனை செய்துகொள்ளும் வசதி இருக்கிறது.

வயதாகும்போது வேறு என்ன செய்யலாம்?

புகைபிடிப்பதை விடுங்கள். டென்மார்க்கில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, நல்ல சிகிச்சை பெறும் எச்.ஐ.வி. நோயாளிகளை ஆராய்ந்தது. 35 வயதுக்காரர் ஒருவர் எச்.ஐ.வி.யால் இழக்கும் ஆயுள் சுமார் ஐந்து ஆண்டு. சிகரெட்டால் இழப்பது 12 ஆண்டு. கிருமியைவிட சிகரெட்டே பெரிய எதிரி.

இதயத்தைக் கவனியுங்கள். 2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில், 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேர் பங்கேற்றனர். எல்லாரும் எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்கள். இதய நோய் ஆபத்து குறைவு அல்லது மிதம் என்று கருதப்பட்டவர்கள். தினமும் பிட்டாவாஸ்டேடின் எனும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 விழுக்காடு குறைந்தன. உங்களுக்கு அது தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். சளிக்காய்ச்சல், நிமோகோக்கல், எச்.பி.வி., அக்கி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். முன்பு சொன்னது ஞாபகமிருக்கிறதா? ஆன்டிபாடி இருந்தால் முதிர்ந்த என்.கே. உயிரணுக்களும் சுறுசுறுப்பாகின்றன. தடுப்பூசி தருவது அந்த ஆன்டிபாடியைத்தான்.

நடங்கள், தூங்குங்கள். உடற்பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் என்.கே. உயிரணுக்களின் எண்ணிக்கை வேகமாக உயர்கிறது. வேறெந்த வெள்ளையணுவும் அவ்வளவு வேகமாக ஓடி வருவதில்லை. தூக்கமும் அப்படியே. 1990களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், ஓர் இரவின் பாதியை விழித்தே கழித்தவர்களிடம் மறுநாள் என்.கே. செயல்பாடு குறைந்திருந்தது.

புற்றுநோய்ப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை மிக முக்கியம். எச்.ஐ.வி. உள்ளவர்கள் அதை மற்றவர்களைவிட அடிக்கடி செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

இந்த உயிரணுக்களே ஒருநாள் எச்.ஐ.வி.யைக் குணப்படுத்துமா?

அப்படி ஒரு நம்பிக்கை ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. அதற்குத் தூண்டுதல் ஒரு குரங்கு.

ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளுக்கு எச்.ஐ.வி.யின் உறவுக்காரக் கிருமியான எஸ்.ஐ.வி. தொற்றும். ஆனால் எய்ட்ஸ் வருவதில்லை. பாரிஸின் பாஸ்டர் கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நிணநீர் முடிச்சுகளின் உட்பகுதியில் கிருமி பதுங்கும் ஓர் இடம் உண்டு. அந்தக் குரங்குகளின் என்.கே. உயிரணுக்கள் அங்கேயே போய்க் காவல் காக்கின்றன. மனிதர்களிடம் அவை அந்த இடத்துக்கு அதிகம் போவதில்லை.

நம் என்.கே. உயிரணுக்களையும் அங்கே அனுப்ப முடியுமா? அவற்றைத் தூண்டும் ஐ.எல்.-15 எனும் புரதத்தின் மேம்படுத்தப்பட்ட வடிவம், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் தொடக்கக்கட்டச் சோதனைக்கு வந்துவிட்டது. இது இன்னும் சிகிச்சை அல்ல. ஆனால் பாதை தெரியத் தொடங்கியிருக்கிறது.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

என்.கே. உயிரணுக்கள் பலவீனமாக இருந்தால் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

இல்லை. தொற்றுவதைத் தீர்மானிப்பது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு. அது கண்டறிய முடியாத அளவில் நீடித்தால், பாலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. 2019இல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 782 ஓரினச் சேர்க்கை ஜோடிகள் பங்கேற்றனர். ஆணுறை இல்லாமல் உறவுகொண்டபோதும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடக் கிருமி தொற்றவில்லை.

என்.கே. உயிரணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதித்துக்கொள்ளலாமா?

தேவையில்லை. அது ஆய்வுக்கூடத்துக்கான அளவீடு. சிகிச்சையில் மருத்துவர்கள் கவனிப்பது கிருமியின் அளவையும் சி.டி.4 எண்ணிக்கையையும்தான்.

நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் டானிக், மூலிகை மாத்திரை?

மருத்துவரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம். சில மூலிகைகளும் சத்து மாத்திரைகளும் எச்.ஐ.வி. மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள்கூடச் சில மருந்துகள் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அவற்றை எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக...

முதலில் சொன்ன மனிதரிடம் திரும்புவோம். 1998இல் அவரைப் போன்றவர்களின் கவலை, அடுத்த தீபாவளியைப் பார்ப்போமா என்பது. இன்று அவர் கவலைப்படுவது முழங்கால் வலியையும் ரத்தக் கொழுப்பையும் பற்றி. அதாவது, நம் வீட்டில் அறுபதை நெருங்கும் மாமாக்களும் சித்திகளும் கவலைப்படும் அதே விஷயங்கள்.

அவருடைய காவலர்கள் கொஞ்சம் கூடுதலாகக் களைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். மருந்து அவர்களுக்கான போரை நிறுத்திவிட்டது. மற்றதை நடை, தூக்கம், தடுப்பூசி, தவறாத மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றால் பார்த்துக்கொள்ள முடியும்.

பரிசோதனை செய்துகொள்ள இன்னும் தயங்குபவர் உங்கள் நண்பராக இருந்தால், ஒன்று மட்டும் சொல்லுங்கள்: சீக்கிரம் தெரிந்துகொள்வது நல்லது, தெரிந்துகொண்டால் வாழ நிறைய காலம் இருக்கிறது.